கயிறு சுற்றிய முந்திரிக்காடு

போன மாதம் கடலூரில் எங்கள் அலுவலகத்தில் ஒரு பணி ஓய்வு விழா. முன்னமே ஓய்வு பெற்ற எங்களையும் கூப்பிட்டு, சால்வை போட்டு, முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த புது சர்வேயர் பெண் ஒருத்தி செல்போனை என்னிடம் நீட்டினாள்.

"மேடம், இத கையில வச்சிகிட்டு வரப்புல ஒரு சுத்து நடந்தா போதும். பரப்பு, சுத்தளவு ரெண்டும் வந்துடும். நீங்கள்லாம் அந்தக் காலத்துல அளக்கறதுக்கு எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பீங்க!"

"அளக்கறதுல என்னா கஷ்டம்? அளந்து முடிச்சி, இதான் அளவுன்னு சொல்லுவோம் பாரு, அங்கதான் ஆரம்பிக்கும்" என்றேன்.

"அப்ப அத எழுதிக் குடுங்க மேடம், சங்க மலருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் காபி வாங்கப் போய்விட்டாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். எழுத உட்கார்ந்த எனக்குத்தான் பழைய எரிச்சலெல்லாம் புதுசாகக் கிளம்பிவிட்டது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயில், அளவுச் சங்கிலி, செங்கோணம் பார்க்கும் கிராஸ் ஸ்டாஃப், மறுபடியும் வெயில். பள்ளிக்கூடத்தில் வடிவியல் எனக்கு ஏறவே இல்லை. வேலைக்கு வந்த பிறகு மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த வடிவியல் புத்தகம் ஒன்றை வாங்கி, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். கிராமத்துக்குப் போய் இறங்கினால், "சர்வேயர் சார் வரலியா?" என்பார்கள். நான்தான் சர்வேயர் என்றால், "அது தெரியுதும்மா, அளக்க யாரு வராங்க?" என்பார்கள். இதிலேயே ஒரு நாளைக்கு வேண்டிய பொறுமையில் பாதி தீர்ந்துவிடும்.

எனக்கு மேல் இருந்தவர் கோதண்டம் சார். ஒல்லியான மனிதர். எப்போதும் கறுப்புக் குடை. அந்தக் குடையை வேறு யாரும் பிடிக்கக் கூடாது. மணியக்காரர் ஓடி வந்து, "குடுங்க சார், நான் புடிக்கறேன்" என்றாலும் தர மாட்டார். "என் வெயிலுக்கு என் குடை. உங்க வெயில நீங்க பாத்துக்கங்க" என்பார். தப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. நாற்கோண நிலத்துக்கு நாலு பக்கத்தை மட்டும் அளந்துகொண்டு வந்தால், தாளை வாங்கிப் பார்ப்பார். பிறகு அதை மூலைக்கு மூலை குறுக்காக மடித்து நம் கையிலேயே திருப்பித் தருவார். அவ்வளவுதான். அந்த மடிப்பு போகிற இடத்தில் நாம் சங்கிலி போடவில்லை என்று அர்த்தம். குறுக்களவு எடுக்க மறுபடியும் பஸ் ஏற வேண்டும்.

அலுவலகத்தில் அவர் மேஜைக்குப் பின்னால் ஒரு பழைய ஜன்னல் சட்டம் சாத்தியிருக்கும். நாலு மூலையும் ஆட்டம் கண்ட சட்டம். புதிதாக வருகிறவர்களை அதைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளச் சொல்வார். தள்ளினால் சாயும். இன்னும் தள்ளினால் இன்னும் சாயும். கடைசியில் மேல் கட்டையும் கீழ்க் கட்டையும் ஒட்டிக்கொண்டு நடுவில் கை நுழையாது. "கட்டை நாலும் அதே கட்டைதான? எவனாவது அறுத்தானா? அப்பறம் நடுவுல இருந்த எடம் எங்க போச்சி?" என்பார். நாலு பக்கம் தெரிந்தால் நிலம் தெரிந்துவிடாது, குறுக்கே ஒரு கோடு வேண்டும், இரண்டு முக்கோணமாக்கினால்தான் நிலம் அசையாமல் நிற்கும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. வயலில் நின்றுகொண்டு பரப்பு சொல்லக் கூடாது. ஆபீசுக்கு வந்து, நிலத்தை ஒரு விதமாக முக்கோணங்களாகப் பிரித்துப் போட வேண்டும். பிறகு வேறு விதமாகப் பிரித்து இன்னொரு தடவை போட வேண்டும். இரண்டும் ஒத்து வந்தால்தான் வாயைத் திறக்கலாம். "நாக்குல வந்த பரப்ப எந்த ரப்பராலயும் அழிக்க முடியாது தனம்" என்பார் என்னிடம்.

சிதம்பரத்தில் ரயில் ரோட்டை ஒட்டி ஒரு மனைப்பிரிவு. ரோடு கோணலாகப் போவதால் மனைகளெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. மனை வாங்கியவர் அளக்கச் சொல்லி மனு போட்டிருந்தார். விற்றுக் கொடுத்த புரோக்கரும் வந்து நின்றார். "நீளம் அறுபது, எதிர்ப் பக்கமும் அறுபது. அகலம் நாப்பது, எதிர்ப் பக்கமும் நாப்பது. ரெண்டாயிரத்து நானூறு சதுர அடி, முழுசா ஒரு கிரவுண்டு. இதுல அளக்க என்னாம்மா இருக்குது?" என்றார். நான் குறுக்களவு எடுத்துக் கணக்குப் போட்டதில் நூற்றுச் சொச்சம் சதுர அடி குறைந்தது. அடுத்த தடவை போய்ச் சொன்னேன்.

"கொறஞ்சதுன்னா எங்கம்மா போவும்? நாலு பக்கமும் அங்கயேதான இருக்குது?" என்றார் புரோக்கர்.

நான் ஜன்னல் சட்டத்தைச் சொல்லி, தீப்பெட்டியின் மேலுறையை அமுக்கிக் காட்டி, மண்ணில் படம் போட்டு, தொண்டை வறண்டு போனேன். கடைசியில் மனை வாங்கியவரே என்னைச் சமாதானப்படுத்தினார். "விடுங்கம்மா. மனை நல்ல மனைதான். கொஞ்சம் சாஞ்சி நிக்கிது, அவ்ளோதான." நஷ்டப்பட்டவர் அவர், ஆறுதல் எனக்கு. இதைக் கோதண்டம் சாரிடம் சொன்னபோது அவர் சிரிக்கக்கூட இல்லை. "சொன்னியா? எழுதினியா? அடுத்த மனுவ எடு" என்றார்.

இதெல்லாம் சின்ன எரிச்சல். பெரியது பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டில் காத்திருந்தது.

காடு முக்கோணம். அடியில் நேரான வண்டிப்பாதை. பாதையின் இரண்டு முனையிலிருந்தும் கிளம்பும் எல்லைகள் உள்ளே போய் ஒரு வட்டக் கிணற்றடியில் சேரும். அப்பா இறந்த பிறகு பிள்ளைகள் மூன்று பேரும் சம பங்காகப் பிரித்துக்கொண்டு, உட்பிரிவு செய்து தரச் சொல்லி மனு போட்டிருந்தார்கள். மூத்தவர் ராஜமாணிக்கம், அடுத்தது தங்கை அஞ்சலை, கடைசி தம்பி சேகர்.

"வேலை மிச்சம் வைக்கல சர்வேயரம்மா, கயிறு சுத்திப் பிரிச்சிக் கல்லும் நட்டுட்டோம். நீங்க பதிஞ்சி குடுத்தா சரி" என்றார் ராஜமாணிக்கம்.

"கயிறு சுத்தின்னா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பக்கத்து முந்திரிக்காடுகளில் வருடா வருடம் முள் வேலி கட்ட வேண்டும். வேலி கட்டும் கூலி கயிற்றுக் கணக்கில். அதனால் காட்டைச் சுற்றி அளப்பது ஒன்றுதான் அவர்களுக்குப் பழக்கம். எத்தனை ஏக்கர் என்று யாரும் கேட்பதில்லை, வேலி எத்தனை கயிறு என்றுதான் கேட்பார்கள். அந்த வழக்கப்படியே, மூன்று பங்கையும் வேலிக் கயிற்றால் சுற்றி, சுற்றளவு சமமாக வருகிற மாதிரிப் பிரித்திருந்தார்கள். பாதையை ஒட்டிய அகலமான துண்டு மூத்தவருக்கு. அதற்கு மேலே கிணற்றுப் பக்கத்து முக்கோணத் துண்டு தம்பிக்கு. ஒரு ஓரமாகப் பாதையிலிருந்து கிணறு வரைக்கும் ஓடுகிற நீளப் பட்டை தங்கைக்கு.

"ஒண்ணு சொல்லிடுறேன்" என்று குரலைத் தாழ்த்தினார் ராஜமாணிக்கம். "எங்க ரெண்டு பேருக்கும் சமமா வச்சேன். தங்கச்சிக்கு மட்டும் கயிறு கொஞ்சம் ஜாஸ்தியாவே வுட்டிருக்கேன். பொம்பளப் புள்ள, இருந்துட்டுப் போவட்டும்."

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் துளி கள்ளம் இல்லை. கள்ளம் இருந்திருந்தால் என் வேலை எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அன்று அளந்து முடித்துக் கிணற்றையும் அளந்தேன். கிணறு மூவருக்கும் பொது, அதன் பரப்பைத் தனியாகக் கழிக்க வேண்டும். கிணற்றின் நடுவில் போய் நின்று ஆரம் எடுக்க முடியாது. குறுக்கே நாடா பிடித்தால் சரியாக மையத்தின் வழியாகத்தான் போகிறதா என்று தெரியாது. அதனால் அவர்களுடைய கயிற்றையே வாங்கி விளிம்பைச் சுற்றி அளந்து, அதிலிருந்து ஆரம் கண்டுபிடித்துக்கொண்டேன். ராஜமாணிக்கம் அதைக் கைகட்டி நின்று கவனித்துக்கொண்டிருந்தார். ஏன் கவனித்தார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கிளம்பும்போது அஞ்சலை என்னோடு பாதை வரை வந்தாள்.

"அம்மா, மூணும் சமந்தானா?"

"கணக்குப் போட்டுத்தாம்மா சொல்லணும்."

"எனக்குக் கணக்குத் தெரியாது. ஆனா கண்ணு ஒத்துக்க மாட்டேங்குது. எம்பக்கம் டிராக்டர் உள்ள போனா திரும்ப எடமில்ல, வந்த வழியே பின்னாலதான் வரணும். தம்பி பக்கம் பாருங்க, திருவிழாவே நடத்தலாம்." பாதையில் கிடந்த முள்ளைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "வர்ற தையில எம்பொண்ணுக்குக் கல்யாணம். தாய்மாமன்க ரெண்டு பேரும் சீர் எடுத்துகிட்டு வந்து நிக்கணும். அண்ணன் மொகம் கோணிச்சின்னா எனக்கு நெலமே வேணாம்மா. ஆனா உள்ளத உள்ளபடி நீங்க சொல்லணும்."

நிலமும் வேண்டும், அண்ணனும் வேண்டும், உண்மையும் வேண்டும். மூன்றையும் என் தலையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஆபீசில் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டேன். இரண்டும் ஒத்து வந்தன. மூத்தவருக்கு ஏறக்குறைய அவருடைய பங்குதான். ஆனால் அஞ்சலைக்கு வர வேண்டியதில் மூன்றில் இரண்டு பாகம்தான் இருந்தது. மீதி அப்படியே தம்பி பக்கம் உட்கார்ந்திருந்தது. கயிறு எல்லோரையும்விட அஞ்சலைக்கு ஜாஸ்தி, நிலம் எல்லோரையும்விடக் குறைச்சல்.

கோதண்டம் சார் பார்த்தார். "மனுவுல சம பங்குன்னு இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப இத அப்படியே பதிய முடியாது. போய்ச் சொல்லிட்டு வா. சண்டை மட்டும் மூட்டாத."

"எப்படி சார் சொல்றது?"

"அது முக்கோணத்துல வராதும்மா" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

போனேன். சொன்னேன். ராஜமாணிக்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "கயிறு ஜாஸ்தி வுட்டவன் நானு. என்னியப் பாத்து ஏமாத்திட்டேன்னு சொல்றீங்களே!"

"ஏமாத்தினீங்கன்னு சொல்லலைங்க. கயிறு ஏமாத்திடுச்சின்னு சொல்றேன்."

"எங்கப்பா காலத்துக் கயிறும்மா அது!"

களத்தில் முந்திரிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு துண்டுக் கயிற்றை இரண்டு முனையும் முடிந்து, தரையில் வட்டமாகப் போட்டேன். அதற்குள் கொட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி நிரப்பச் சொன்னேன். பிறகு கொட்டைகளை ஒதுக்கிவிட்டு, அதே கயிற்றை இரண்டு பக்கமும் இழுத்து நீளமாக்கினேன். அதே கொட்டைகளை உள்ளே பரப்பச் சொன்னேன். பாதிக்கு மேல் வெளியே நின்றன. கயிறு அதே கயிறு. இதற்கு மேல் என்ன வேண்டும்? எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

சேகர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "கொட்டை வேற, காடு வேறம்மா."

ராஜமாணிக்கம் அதைவிட ஒரு படி மேலே போனார். "சரி, வட்டமா இருந்தா ஜாஸ்தி புடிக்கிதுன்னுதான சொல்றீங்க? அப்ப எனக்கு வட்டமா குடுத்துடுங்க."

"எனக்கும் வட்டம்" என்றான் சேகர்.

"ஐயா, மூணு பேருக்கும் வட்டமா வெட்டினா, வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவுல மூலை மூலையா மிஞ்சுமே, அது யாருக்கு?"

"ஏன், வட்டம் இவங்களுக்கு, மூலைமுடுக்கெல்லாம் எனக்கா?" என்றாள் அஞ்சலை. அங்கே இருந்தவர்களில் வடிவியல் புரிந்த ஒரே ஆள் அவள்தான் என்று எனக்கு அப்போது உறைத்தது.

ராஜமாணிக்கம் விடவில்லை. "ஒரு கேள்வி கேக்கறேன், கோவிச்சிக்கக் கூடாது. அன்னிக்கி எங்க கெணத்த எத வச்சி அளந்தீங்க?"

"கயிறு வச்சி."

"கெணத்துக்குக் கயிறு செல்லும், காட்டுக்குச் செல்லாதா? கவர்மெண்டு சுத்தினா கணக்கு, நாங்க சுத்தினா தப்பா?"

சொல்லுங்கள், இதற்கு என்ன பதில் சொல்வது? வட்டம் என்றால் சுற்றளவு ஒன்றே போதும், ஒரு சுற்றளவுக்கு ஒரே ஒரு வட்டம்தான் உண்டு, அதனால் பரப்பும் ஒன்றுதான். மற்ற வடிவத்துக்கு அப்படியில்லை, அதே கயிற்றில் ஆயிரம் வடிவம் வரும். புத்தகத்தில் இதற்கு நாலு வரி. களத்து மேட்டில், கொதிக்கிற வெயிலில், கூடிவிட்ட பாதி ஊருக்கு முன்னால் நாலு மணி நேரம் பேசினாலும் போதாது. பேசிப் பார்த்தேன். "அம்மா நல்லா படிச்சிருக்காங்க" என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டு எழுந்து போனார். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகை வருகிற அளவுக்கு ஆத்திரம். இவர் கெட்டவராக இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன்.

அடுத்த தடவை கோதண்டம் சாரே வந்தார். குடையைப் பிடித்தபடி காட்டை ஒரு முறை சுற்றினார். கிணற்றடியில் வந்து நின்றார். பரப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"கெணறு யாருக்கு?"

"மூணு பேருக்கும் சார்" என்றார் ராஜமாணிக்கம்.

"பாதை?"

"அதுவும் மூணு பேருக்கும்."

"அப்ப மூணு பங்கும் கெணத்துல ஆரம்பிச்சிப் பாதையில முடியட்டும். உங்க கயித்தயே எடுங்க. பாதை நீளத்துக்குப் போட்டு, அத மூணா மடிங்க."

கயிற்றை மூன்றாக மடிப்பதில் ராஜமாணிக்கத்துக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மடித்து, பாதையில் இரண்டு இடத்தில் கல் வைத்தார். அந்த இரண்டு கல்லிலிருந்தும் கிணற்றுக்குக் கோடு பிடித்தோம். காடு மூன்று முக்கோணமாகப் பிரிந்தது. மூன்றுக்கும் பாதையில் ஒரே அகலம். மூன்றுக்கும் கிணற்றுக்கும் பாதைக்கும் நடுவில் ஒரே உயரம். அடியும் உயரமும் ஒன்றானால் பரப்பு ஒன்றுதான், குண்டூசி முனை வித்தியாசம் கிடையாது. எவ்வளவு எளிதான வழி, நமக்குத் தோன்றவில்லையே என்று எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் நிம்மதி.

நிம்மதி நீடிக்கவில்லை. ராஜமாணிக்கம் கயிற்றை எடுத்துக்கொண்டு மூன்று பங்கையும் சுற்ற ஆரம்பித்துவிட்டார். சுற்றி முடித்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"ஓரத்துப் பங்கு ரெண்டுக்கும் கயிறு ஜாஸ்தி. நடுப் பங்குக்குக் கம்மி சார்."

உண்மைதான். ஓரப் பங்குகளின் வெளிப்பக்கம் சரிந்து நீளமாகப் போவதால் சுற்றளவு கூடும். பரப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

"நடு எனக்கு வேணாம்ப்பா" என்றான் சேகர் உடனே. அவன் கணக்கில் ஓரப் பங்குக்கு முன்னைவிடக் கயிறு ஜாஸ்தி. கையில் இருந்த நிலத்தில் ஏறக்குறைய கால் பாகம் குறையப் போகிறது, அவன் முகத்தில் சிரிப்பு.

"நான் எடுத்துக்கறேண்ணே நடுவ. எனக்குப் போதும்" என்றாள் அஞ்சலை.

"நீ சும்மா இரு." ராஜமாணிக்கம் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "பொண்ணு கல்யாணத்த வச்சிகினு கம்மியான பங்க வாங்கிகிட்டுப் போவியா? மூத்தவன் எதுக்கு இருக்கேன்? நடு எனக்கு இருக்கட்டும். சார், நான் விட்டுக் குடுத்துட்டேன், எழுதிக்கங்க."

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, நீங்க எதையுமே விட்டுக் குடுக்கல! மூணும் சமம்! அடி ஒண்ணு, உயரம் ஒண்ணு, பாதியால பெருக்கினா..."

"தனம்" என்றார் கோதண்டம் சார்.

"சார், இவருக்கு ஒரு சென்ட்கூடக் கொறையல சார்..."

"தனம், இந்தக் குடையக் கொஞ்சம் புடி."

அந்தக் குடையை அவர் கையிலிருந்து வேறொருவர் வாங்கியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வாங்கினேன். வாய் தானாக மூடிக்கொண்டது. அவர் வெயிலில் நின்றபடி ராஜமாணிக்கத்தைக் கும்பிட்டு, "பெரிய மனசு உங்களுக்கு" என்றார். அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "நம்ம கணக்கு சரியா இருந்தும் அத யாரும் ஒத்துக்கலயே சார்."

"கல்லு சரியான எடத்துல நிக்கிதா?"

"நிக்கிது."

"அவ்ளோதான் நம்ம வேல" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரமாகச் சாய்ந்து தூங்கிவிட்டார்.

தை மாதக் கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தாய்மாமன்கள் இரண்டு பேரும் மேளத்தோடு சீர் எடுத்து வந்தார்கள். பந்தியில் என் இலைக்கு எதிரே ராஜமாணிக்கம் நின்றுகொண்டு, யார் வந்தாலும் சொல்லிக்கொண்டிருந்தார். "வேலி ஜாஸ்தி வர்ற பக்கமாப் பாத்துத் தங்கச்சிக்கு வுட்டுட்டேன். சர்வேயரம்மாவக் கேளுங்க, அவுங்கதான் சாட்சி." நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே தலையை ஆட்டி வைத்தேன். பாயசம் ஊற்ற வந்த அஞ்சலை குனிந்து என் காதோரம் சொன்னாள். "நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சிதும்மா, மூணும் ஒண்ணுதான். அண்ணங்கிட்ட மட்டும் மறுபடியும் ஆரம்பிச்சிடாதீங்க."

அத்தோடு முடிந்தது என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். கடலூர் ஓய்வு விழா முடிந்த மறுவாரம் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில், காய்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தபோது, "சர்வேயரம்மா!" என்று ஒரு குரல். ராஜமாணிக்கம். முதுகு வளைந்துவிட்டது, குரல் வளையவில்லை. நலம் விசாரிக்கக்கூட நேரம் இல்லாமல் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். பேரன் அதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பங்கையும் சுற்றி நடந்தானாம். அந்தப் பெண் விழாவில் காட்டினாளே, அதே சமாச்சாரம்.

"பாருங்க, பாருங்க. எம்பங்குக்குச் சுத்தளவு கம்மி. அப்பவே சொன்னேன், நீங்க ஒத்துக்கல. இப்ப மிஷினே சொல்லுது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். மூன்று பங்குக்கும் பரப்பு, கிட்டத்தட்ட ஒரே எண்ணாக, சுற்றளவுக்கு நேர் மேலேயே பெரிதாகப் போட்டிருந்தது. ஒரு விரற்கடை மேலே அவர் கண் போயிருந்தால் போதும். என் விரல் அங்கே போய்விட்டது. எத்தனை வருடத்து ஆத்திரம் அந்த விரல் நுனியில்!

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். விரலை மடக்கிக்கொண்டேன்.

"ஆமாங்கய்யா. உங்க பங்குதான் கம்மி."

வேலையில் இருந்த நாளெல்லாம் தப்பான அளவு ஒன்றைக்கூட வாயால் சொல்லாதவள், பட்டப்பகலில், நடுக் கடைத்தெருவில் சொன்னேன். மனிதர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, வளைந்த முதுகை முடிந்தவரை நிமிர்த்திக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்து போனார்.